தாழ்ப்பாளைத் திறக்கும் வெள்ளைப் பறவை

செண்பகம் (மாலை 6:12): அனைவருக்கும் வணக்கம். என்னுடன் பணிபுரியும் ஒருவர் வெளிநாட்டில் குடியேறப் போவதால், ஏழு ஆண்டுகளாக வளர்த்துவரும் சிறிய வெள்ளைக் காக்கட்டூவை, அதாவது கொண்டையுள்ள கிளியை, நம்பிக்கையான கைகளில் ஒப்படைக்க விரும்புகிறார். புறா அளவுதான் இருக்கிறது. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இளஞ்சிவப்பாக இருக்கிறது. நான் வாங்கிக்கொள்ளலாமா?

வசந்தா அத்தை (6:20): நீ சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது கோஃபின் காக்கட்டூவாகத்தான் இருக்கும். சிறகை விரிக்கும்போது அடிப்பக்கம் வெளிர் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார். வெள்ளைக் காக்கட்டூக்களில் இதுவே மிகச் சிறியது. எடை 300 கிராம் அளவில்தான் இருக்கும். பதினோரு ஆண்டுகளாக என்னிடம் ஒன்று இருப்பதால் சொல்கிறேன், அளவைப் பார்த்து முடிவு செய்யாதே.

பெரியப்பா (6:24): வசந்தா, கிளிக்கு இவ்வளவு முன்னுரை தேவையா? கூண்டும் விதையும் இருந்தால் போதாதா?

வசந்தா அத்தை (6:31): அண்ணா, எனக்கு விற்றவரும் இதையேதான் சொன்னார். அவர் பேச்சை நம்பிச் சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வந்ததில், இரண்டே ஆண்டுகளில் பறவையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டதாகக் கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார்.

குமரன் (6:38): அத்தை, இந்தப் பறவை இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை என்று படித்தேன். பெயரிலும் ஒரு குழப்பம் நடந்திருக்கிறது. 1863இல் ஃபின்ஷ் என்ற பறவையியலாளர் தம் நண்பர் கோஃபினின் பெயரை இதற்குச் சூட்டினார். ஆனால் அவர் ஆதாரமாக வைத்த பறவைகள் சாலமன் தீவுகளைச் சேர்ந்த வேறொரு காக்கட்டூ இனம் என்பது பின்னால் தெரியவந்ததால், 2004இல் இதற்குப் புதிய அறிவியல் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று.

வசந்தா அத்தை (6:47): பெயர் எதுவானாலும் அதன் மூளை ஒன்றுதான், குமரா. வியன்னாவில் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட ஃபிகாரோ என்ற பறவையின் கூழாங்கல் கம்பிக்கு வெளியே விழுந்துவிட்டபோது, அது முதலில் ஒரு குச்சியைத் தேடி எடுத்து அந்தக் கல்லை எட்ட முயன்றது. பிறகு முந்திரிப் பருப்பை வெளியே வைத்துச் சோதித்தபோது, மர உத்திரத்திலிருந்து நீளமான சிம்பு ஒன்றை அலகால் கிழித்தெடுத்து, அதை வைத்தே பருப்பை இழுத்துக்கொண்டது. 2012இல் இந்த ஆய்வு வெளியானது. காட்டில் வாழும் பறவைகளும் இவ்வாறு செய்யும் என்பது 2021இல்தான் தெரிந்தது. தனிம்பாரிலேயே சில நாள் பிடித்துவைத்த காட்டுப் பறவைகளில் இரண்டு, கடல் மாங்காய்க் கொட்டையைத் திறக்க மூன்று விதமான குச்சிகளைச் செய்தன: விரிசலை அகலமாக்கத் தடிமனாக ஒன்று, உள்தோலைக் கிழிக்கக் கூர்மையாக ஒன்று, பருப்பைத் தோண்டி எடுக்க ஒன்று.

பெரியப்பா (6:52): அப்படியானால் நம் வீட்டுப் பையன்களைவிடக் கெட்டிக்காரப் பறவைதான்.

வசந்தா அத்தை (6:59): கெட்டிக்காரத்தனம்தான் தொல்லையே, அண்ணா. காட்டில் பொழுதெல்லாம் கூட்டத்தோடு பறந்து, கொட்டையை உடைத்து, மரத்தைக் குடைந்து திரியும் உயிரைக் கூண்டில் அடைத்தால் அந்த மூளை சும்மா இருக்குமா? என் பறவை, கூண்டுக் கதவின் திருகாணியை நாக்கால் தாங்கி அலகால் சுற்றிச் சுற்றிக் கழற்றி, கீழே போட்டுவிட்டு அது விழும் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்கும். நான் மூன்று மாதம் மருத்துவமனையும் வீடுமாக அலைந்த காலத்தில் பேச்சுத்துணையில்லாமல் தன் மார்பு இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. இன்றுவரை அந்த இடத்தில் இறகு சரியாக முளைக்கவில்லை.

செண்பகம் (7:05): அத்தை, சத்தமும் தூசியும் அதிகமாக இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

வசந்தா அத்தை (7:11): காலையிலும் அந்தியிலும் அலறும். இறகிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடி, காலையில் துடைத்த கறுப்பு மேசையில் மாலைக்குள் மாவு தூவியதுபோல் படிந்துவிடும். உன் கணவருக்கு மூச்சிரைப்பு உண்டு என்பதை மறந்துவிடாதே. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுமீறிச் சூடானால் வரும் புகையே அதன் உயிரைப் பறித்துவிடும். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. இவை எல்லாவற்றையும்விட, இது முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது.

குமரன் (7:16): செண்பகம் அக்கா, ஆவணத்தையும் கேளுங்கள். 1970களிலும் 80களிலும் தனிம்பாரில் காடு வெட்டப்பட்டபோது ஏராளமான பறவைகள் பிடிக்கப்பட்டு ஏற்றுமதியாயின. 1992இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்த பிறகு, காட்டில் பிடித்த பறவையை நாடுவிட்டு நாடு விற்பதற்கு அனுமதியில்லை. அங்கே சோளக் கொல்லைகளில் இறங்குவதால் உழவர்களுக்கும் இதன் மேல் கோபம் உண்டு.

செண்பகம் (7:28): கேட்டுவிட்டேன். கூண்டில் பொரித்த குஞ்சு என்பதற்கான சான்றும் கால் வளையமும் இருக்கின்றனவாம். ஆனால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு சனிக்கிழமைகள் அவர் வீட்டுக்குப் போய்ப் பறவையோடு இருந்து பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று கூறியிருக்கிறேன்.

வசந்தா அத்தை (7:30): நல்லது. போகும்போது கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, பித்தான் இல்லாத சட்டையாகப் போட்டுக்கொண்டு போ.