டெம்ப்ஸி ஒப்பந்த முறிவு வழக்கு: ஏற்பாட்டாளருக்கு லாப இழப்பு ஏன் மறுக்கப்பட்டது?

ஒப்பந்தவியல் மாணவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் டெம்ப்ஸி மீது, போட்டி ஏற்பாட்டாளரான சிகாகோ கொலிசியம் கிளப் தொடுத்த வழக்கில், இல்லினாய்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1932இல் அளித்த தீர்ப்பைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். ஹாரி வில்ஸுடன் 1926 செப்டம்பரில் மோதுவதற்கு டெம்ப்ஸி அந்த ஆண்டு மார்ச் 13ஆம் தேதி கிளப்புடன் ஒப்பந்தம் செய்தார். அந்தப் போட்டி முடியும்வரை வேறு யாருடனும் மோதுவதில்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஜூலையில், ஒப்பந்தப்படி தேவைப்பட்ட காப்பீட்டுப் பரிசோதனைக்கு வருமாறு கிளப் கேட்டபோது, ஜீன் டன்னி என்ற மற்றொரு வீரருடனான போட்டிக்குப் பயிற்சி எடுத்துவருவதாகவும், கிளப்பிடம் ஒப்பந்தம் எதுவுமே இல்லை என்றும் தந்தியில் பதில் அனுப்பிவிட்டார். ஒப்பந்தம் மீறப்பட்டது இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது, போட்டி நடந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை நீதிமன்றம் ஏன் இழப்பீடாகக் கணக்கில் எடுக்கவில்லை?

தீர்ப்பு வாசகர் எழுதியது:

மீறல் நடந்ததா என்பது வேறு, அதனால் விளைந்த இழப்பு எவ்வளவு என்பது வேறு. முதலாவதை மெய்ப்பிப்பது எளிது. கிளப் தடுமாறியது இரண்டாவதில்தான். மொத்த வசூல் 30 லட்சம் டாலராக இருந்திருக்கும், அதில் செலவு 14 லட்சம் டாலர் போக நிகர லாபம் 16 லட்சம் டாலர் வந்திருக்கும் என்று கிளப்பின் தரப்பில் சாட்சியம் அளிக்க முன்வந்தார்கள். குத்துச்சண்டைப் போட்டியின் வசூல், போட்டியாளர்களின் புகழ், விளம்பரம், இடம், வானிலை எனப் பலவற்றைச் சார்ந்திருப்பதால் அந்தக் கணக்கு வெறும் ஊகமே என்று நீதிமன்றம் ஒதுக்கியது.

கிளப் நான்கு வகையான இழப்பைக் கேட்டது. லாபம் போயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவும் போயிற்று, ஏனெனில் அதை டெம்ப்ஸியின் வாக்கை நம்பிச் செய்ததாகச் சொல்ல முடியாது. டெம்ப்ஸி டன்னியுடன் மோதாதபடி இண்டியானாவில் தடையாணை பெறுவதற்கு ஆன வழக்குச் செலவையும், கிளப் தன் சொந்தப் பொறுப்பில் செய்தது என்று தள்ளிவிட்டார்கள். எஞ்சியது, கையெழுத்துக்குப் பின்பும் மறுப்புக்கு முன்பும் இந்தப் போட்டிக்கென்றே தனியாகச் செய்த செலவு மட்டும். அதை மெய்ப்பிக்க வாய்ப்பளித்து வழக்கைக் கீழமை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். கிளப்பின் வழக்கமான ஊழியர்களின் சம்பளம் இதில் சேராது என்பதையும் உங்கள் கட்டுரையில் குறிப்பிடுங்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் அது.

மேடையோரம் எழுதியது:

இந்தத் தீர்ப்பை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. டெம்ப்ஸி மோதும் போட்டிக்குக் கூட்டம் வருமா என்பது அன்று யாருக்கும் ஐயமாக இருந்ததில்லை. அதே 1926 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் அவர் டன்னியிடம் பட்டத்தை இழந்த போட்டிக்கு 1,20,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வசூல் ஏறத்தாழ 19 லட்சம் டாலர். மறு ஆண்டு சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் நடந்த மறுபோட்டியில் 26 லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. 1932இல் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளின் காலத்தில் இவை இரண்டும் நடந்து முடிந்த நிகழ்ச்சிகள். முழு 16 லட்சத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓரளவு லாபமாவது நிச்சயம் என்று கொள்வதற்கு இதைவிட உறுதியான சான்று வேறு என்ன வேண்டும்?

தீர்ப்பு வாசகர் எழுதியது:

உங்கள் எண்களே என் ஐயத்தையும் காட்டுகின்றன. டெம்ப்ஸி கலந்துகொண்ட அந்த இரண்டு பெரும் போட்டிகளும் 30 லட்சத்தைத் தொடவில்லை. மேலும், இரண்டிலும் எதிராளி டன்னி. 1927இல் வந்த கூட்டம், பட்டத்தை இழந்தவர் அதை மீட்பாரா என்று பார்க்க வந்த கூட்டம். வில்ஸுடன் மோதியிருந்தால் அதே கூட்டம் வந்திருக்கும் என்றோ, அதைவிடக் கூடியிருக்கும் என்றோ இவற்றை வைத்துச் சொல்ல இயலாது.

பழைய பட்டயம் எழுதியது:

பணம் எப்போது கைமாறியது என்பதை யாரும் பேசவில்லையே. டெம்ப்ஸிக்கு வாக்களித்த தொகை சிறியதல்ல: ஆகஸ்ட் 5 அன்று 3 லட்சம் டாலர், போட்டிக்குப் பத்து நாளாவது முன்பாக 5 லட்சம் டாலர், அதற்கு மேல் லாபத்திலும் பங்கு. ஆனால் கையெழுத்தின்போது அவர் பெற்றுக்கொண்டதாக ஒப்பந்தம் கூறுவது வெறும் 10 டாலர். வில்ஸுக்காக வைப்பாகச் செலுத்த வேண்டிய 50,000 டாலரும் செலுத்தப்படவே இல்லை. மறுப்புத் தந்தி ஜூலையிலேயே வந்துவிட்டதால், முதல் பெரிய தவணைக்கான நாள்கூட வரவில்லை. சாம்பியனைக் கட்டிப்போடும் அளவுக்கு ஏற்பாட்டாளரின் பணம் எதுவும் அவர் கையில் இருக்கவில்லை.

1923இல் மொன்டானா மாநிலத்தின் ஷெல்பி என்ற சிற்றூரில் நடந்தது இதற்கு நேர் எதிர். டெம்ப்ஸியின் மேலாளர் ஜாக் கியர்ன்ஸ் 3 லட்சம் டாலரை மூன்று தவணைகளில் முன்கூட்டியே கேட்டார். ஊர்க்காரர்கள் முழுத் தொகையையும் திரட்ட முடியாமல் திணறினார்கள். போட்டி நடக்குமா என்பதே கடைசிவரை தெரியாததால் டிக்கெட் விற்பனையும் படுத்துவிட்டது. ஜூலை 4 அன்று போட்டி எப்படியோ நடந்தது. 15 சுற்றுகள் தாக்குப்பிடித்த டாமி கிப்பன்ஸ் ஊதியமே இல்லாமல் திரும்பினார், அதன் பிறகு அந்த வட்டாரத்தில் வங்கிகளும் மூடப்பட்டன. பெயர் பெற்ற போட்டி என்றாலே லாபம் உறுதி என்று வாதிடுபவர்களுக்கு நான் காட்டும் சான்று ஷெல்பிதான்.

கறுப்புச் சிறுத்தை எழுதியது:

மாணவருக்கு ஒரு வேண்டுகோள். கிளப்பின் இழப்பை நான்கு தலைப்புகளில் அலசும்போது, ஹாரி வில்ஸின் பெயர் வெறும் எதிராளியின் பெயராகச் சுருங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் பட்டத்துக்கான முதன்மைப் போட்டியாளராகக் கருதப்பட்ட கறுப்பினத்தவர் அவர். 1919இல் பட்டம் வென்ற டெம்ப்ஸி, அதை இழக்கும்வரை ஒரு கறுப்பினத்தவருடன்கூடப் பட்டத்துக்காக மோதவில்லை. வில்ஸை முதலில் சந்திக்க வேண்டும் என்று குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்திய நியூயார்க் மாநில ஆணையம் வலியுறுத்தியதும், டன்னி போட்டி பிலடெல்பியாவுக்குப் போனதற்கு ஒரு காரணம். சிகாகோ ஒப்பந்தம் முறிந்தபோது வில்ஸ் முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். அந்த அக்டோபரில் ஜாக் ஷார்க்கியிடம் தகுதிநீக்கத்தால் தோற்றார், பட்டப் போட்டி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இந்தப் பின்னணிக்கு உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வசூல் ஊகமா இல்லையா என்ற வாதத்துக்கும் இதில் இடமுண்டு: இத்தனை ஆண்டுகள் தடுக்கப்பட்டு வந்த ஒரு போட்டியின் வசூலை ஒப்பிட முந்தைய போட்டி எதுவுமே இல்லாமல் போனதற்கு அந்தத் தடையே காரணம்.