புதுச் சீட்டுக்கட்டு கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, எப்படிப் பழக்குவது?

திருமங்கலம்_செல்வி:
வணக்கம். எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ரம்மி. காசெல்லாம் கிடையாது, பாயிண்ட் மட்டும்தான். அப்பா பழைய டயரி ஒன்றில் எழுதி வைப்பார். அவருக்கு வலது கை விரல்கள் முன்பு போல மடங்குவதில்லை. வீட்டில் இருந்த பழைய கட்டு மூலையெல்லாம் நைந்து, டைமன் ராணி எது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கிற தம்பி ஒரே சிவப்பில் ‘பைசைக்கிள்’ என்ற கம்பெனிப் பெயர் போட்ட காகிதச் சீட்டுக்கட்டு இரண்டு கொண்டுவந்து கொடுத்தான். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடித்தால் அப்பா கையிலிருந்து இரண்டு மூன்று வழுக்கி மடியில் விழுகின்றன. கலைக்கும்போதும் விறைப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை முகப்பவுடர் தூவச் சொல்கிறார். செய்யலாமா?

சிம்மக்கல்_வித்தைக்காரர்:
அக்கா, பவுடர் வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூட விழாக்களில் சீட்டு வித்தை காட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு சீட்டை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள், மேற்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் குழி தெரியும். அந்தக் குழிகளில் காற்று நிற்பதால்தான் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டாமல் நகர்கிறது. நம்மூர் வேர்வையோடு பவுடர் சேர்ந்தால் குழியெல்லாம் அடைத்து, சீட்டு கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். வித்தைக்காரர்கள் விசிறி விரிக்க ஜிங்க் ஸ்டீரேட் என்று ஒரு தூள் போடுவது உண்டு. அது சீட்டை இன்னும் வழுக்க வைக்கும். அப்பாவுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். அப்பளம் நொறுக்கின கையோடு தொட்டால் அந்த எண்ணெய் சீட்டில் ஏறி இறங்கவே இறங்காது. அப்புறம் பத்துப் பதினைந்து சீட்டாக எடுத்து, படம் இருக்கிற பக்கம் மெதுவாக ஒரு வளைப்பு, முதுகுப் பக்கம் அதே அளவு ஒரு வளைப்பு. மடிக்கிற அளவுக்குப் போகக் கூடாது. கோடு விழுந்தால் அந்தச் சீட்டு போச்சு. சீட்டு என்பது இரண்டு தாளை நடுவில் கறுப்புப் பசை வைத்து ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாமல் இருப்பது அந்தப் பசையால்தான். வளைக்க வளைக்கத் தாளின் விறைப்பு குறையும். பிறகு கட்டை இரண்டாகப் பிரித்து, மூலைகளைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டுக் கலையுங்கள். கொஞ்ச நேரம் முதுகு மேலே இருக்கட்டும், அப்புறம் கட்டையே புரட்டி முகம் மேலே இருக்கும்படி அதே அளவு கலையுங்கள். இந்தப் புரட்டலை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரே பக்கம் கலைத்தால் கட்டு முழுக்கக் கூன் விழுந்து, மேசையில் படிந்து உட்காராது.

ஓரம் வெட்டின இடம் சொரசொரவென்று இருந்தால் பழைய பருத்தி வேட்டியில் நாலு பக்கமும் தேயுங்கள். சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே செய்தால் அடுத்த ஞாயிற்றுக்குள் கட்டு பழகிவிடும்.

ஆனாலும் விரல் மடங்காதவருக்குப் பதின்மூன்று சீட்டைப் பிடிப்பது சிரமம்தான், கட்டு எவ்வளவு பழகினாலும். ஒரு ஆசாரியிடம் சொல்லி, ஒரு முழ நீள மரக்கட்டையில் பின்பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி பள்ளம் போடச் சொல்லுங்கள். சீட்டை அதில் செருகி நிறுத்திக்கொண்டு இடது கையால் எடுத்துப் போடலாம். அப்பா நிம்மதியாக ஆடுவார்.

மேலூர்_பாண்டி:
எதற்கு இவ்வளவு பாடு? பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள். டீ கொட்டினாலும் துடைத்துவிட்டு ஆடலாம். எங்கள் திண்ணையில் அதுதான்.

சிம்மக்கல்_வித்தைக்காரர்:
திண்ணைக்குச் சரி அண்ணே, கழுவி வைக்கலாம், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் பிளாஸ்டிக் எவ்வளவு வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும், பழகாது. பிடி தளர்ந்த கைக்கு அது காகிதத்தைவிட வழுக்கும். செல்வி அக்கா வீட்டுக்குக் காகிதமே நல்லது.

திருமங்கலம்_செல்வி:
ரொம்ப நன்றி தம்பி. மரக்கட்டை யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே ஆசாரியைப் பார்க்கிறேன். இன்னொன்று: இரண்டு சீட்டுக்கட்டையும் தனித்தனியாகப் பழக்கவா, சேர்த்தா?

சிம்மக்கல்_வித்தைக்காரர்:
வளைப்பது தனித்தனியாக, ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு. ஒன்று தளர்ந்து இன்னொன்று விறைப்பாக இருந்தால், சீட்டு எந்தக் கட்டு என்று விரலே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் சேர்த்துக் கலையுங்கள். புதுக் கட்டில் ஸ்பேடும் டைமனும் ஆஸிலிருந்து ராஜா வரை, கிளாவரும் ஆட்டினும் ராஜாவிலிருந்து ஆஸ் வரை வரிசையாக இருக்கும். ஒற்றைக் கட்டு நன்றாகக் கலைய, நான் சொன்ன மாதிரி இரண்டாகப் பிரித்து மூலையை விட்டு ஏழு முறை கலைக்க வேண்டும் என்று 1992இல் பேயர், டயகோனிஸ் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு கட்டுக்கு அதைவிடக் கூடுதலாகவே கலைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஆட்டத்திலேயே யாருக்காவது மூன்று சீக்வென்ஸ், அதாவது ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டு வரிசை, கையிலேயே வந்து நிற்கும்.

ஆடி முடித்ததும் பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். ஐப்பசி மழையில் காகிதம் ஈரம் இழுத்து வளைந்துவிடும். அப்படி வளைந்தால் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும்.