75 ஆயிரத்துக்குள் ட்ரையத்லான் சைக்கிள்: அந்த 4 டிகிரிக்கு என்ன பதில்?

வெண்ணாறு வேகம்:
நேற்று மன்னை தம்பிக்கு அரசலாறு78 கொடுத்த பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தம்பி கேட்டது எளிய விஷயம். கையில் 75 ஆயிரம் இருக்கிறது, கோவாவில் நடக்கும் 70.3 ட்ரையத்லானுக்குப் (1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில்) போக ஆசை, புதிதாக என்ன வண்டி வாங்கலாம்? அதற்கு இவர் சொன்னது: "இருக்கைக் குழாய் 78 டிகிரி இல்லாத எதுவும் ட்ரை பைக் இல்லை. ரோடு பைக்கில் ஏரோ பார் மாட்டுவது தண்டம். காசு சேரும்வரை பொறு."

இருக்கைக் குழாய் என்பது சீட்டிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய், அது எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பதுதான் இந்த டிகிரி. ரோடு பைக்கில் அந்தக் கோணம் 74 வாக்கில் இருக்கும். ஆகக்கூடி 4 டிகிரி. அதற்காக ஒரு பையன் வருஷக்கணக்கில் உண்டியலில் காசு போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? ட்ரையத்லானுக்கென்றே செய்த புது ட்ரை பைக் என்றால் லட்சங்களில் பேச வேண்டும். தேடிப் பார்த்தால் இந்தப் பணத்தில் சோரா கியர் போட்ட அலுமினிய ரோடு பைக் ஒன்று, சில ஆயிரத்துக்கு ஒரு கிளிப்-ஆன் ஏரோ பார் (கைப்பிடியில் மாட்டி, முழங்கையை ஊன்றிக் குனிவதற்கான கம்பி), நல்ல ஹெல்மெட், பஞ்சர் சாமான் எல்லாம் வந்துவிடும். இதில் எங்கே தண்டம்?

அரசலாறு78:
தனித்திரி போட்டுத் திட்டியதற்கு நன்றி. எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

4 டிகிரி என்பது கோணமானி விளையாட்டு இல்லை. முழங்கையை ஊன்றிக் குனிந்தால் தொடை மேலே வந்து வயிற்றில் முட்டும், இடுப்பு மடங்கும். 74-இல் அப்படியே 90 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, இறங்கி 21.1 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். 78-இல் இடுப்பு முன்னால் வருகிறது, மடக்கு விரிகிறது, மூச்சும் விட முடிகிறது. 1989-லேயே டான் எம்ப்ஃபீல்ட் செங்குத்தான இருக்கைக் குழாயோடு குவின்டானா ரூ வண்டியைக் கொண்டுவந்தது பொழுது போகாமல் இல்லை. ட்ரையத்லானுக்கென்றே ஒரு வண்டி பிறந்தது அந்தக் கோணத்தில்தான்.

வெண்ணாறு வேகம்:
அதே 1989-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கி இருந்தார். 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே சைக்கிள் ஓட்ட வேண்டிய சுற்று. ஏரோ பாரில் முழங்கையை ஊன்றி மிதித்து, முதலிடத்தில் இருந்த ஃபினியோனிடமிருந்து 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தைப் பறித்தார். ஜெயிக்க வைத்தது கைப்பிடியா, கோணமா?

அரசலாறு78:
லெமாண்ட் அன்றைக்குக் கீழே இறங்கி 21 கிலோமீட்டர் ஓடினாரா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

நாகை உப்புக்காற்று:
ஐயாமாரே, எந்தப் பந்தயத்தைப் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே. ஒலிம்பிக்கில் 2000 சிட்னியிலிருந்து நடப்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அங்கே ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாம், அதனால் எல்லோரும் ரோடு பைக்தான். தம்பி போக நினைக்கும் 70.3-இல் முன்னால் போகிறவருக்கு 12 மீட்டர் பின்னால் வர வேண்டும், காற்றைத் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். எதை ட்ரை பைக் என்கிறீர்கள், எதற்காக என்கிறீர்கள் என்பதே இங்கே தெளிவாக இல்லை.

அரசலாறு78:
தெளிவாகத்தான் இருக்கிறது. 78.

களத்துமேடு:
கணக்கு வாத்தியாராக ஒரு வரி. பெடல் அச்சிலிருந்து இருக்கை உயரம் 72 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு டிகிரிக்கு இருக்கை ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் முன்னே வரும். 4 டிகிரிக்கு 5. இவ்வளவு சண்டையும் 5 சென்டிமீட்டருக்கு. ரோடு பைக்கில் சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் பல வண்டிகளில் 2, 2.5 சென்டிமீட்டர் பின்னால் வளைந்திருக்கும். அதைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் அதன் இரண்டு மடங்கு, 4 முதல் 5 வரை வந்துவிடும். சீட்டையும் கம்பியில் கொஞ்சம் முன்னே தள்ளினால் இன்னும் மிச்சமே இருக்கிறது. நிமிர்ந்த சவாரிக்கு மறுபடி திருப்பிக்கொள்ளலாம். ஒரு அல்லன் சாவி போதும்.

வெண்ணாறு வேகம்:
சார், பாதத்தைக் காட்டுங்கள்.

அரசலாறு78:
வாத்தியார் கணக்கு கரும்பலகையில் சரி. வண்டியில் ஏறினால் வேறு. இருக்கை 5 சென்டிமீட்டர் முன்னே போனால் உடம்பும் முன்னே போகும், கைப்பிடி அங்கேயேதான் இருக்கும். கைக்கு இடமில்லாமல் முதுகு கூனும். எடை முன்சக்கரத்தில் இறங்கும். ட்ரை பைக்கில் அதற்குத் தக்கபடி முன்பக்கத்தையும் சேர்த்தே வடிவமைத்திருப்பார்கள். நீங்கள் செய்வது சட்டையில் ஒரு கையை மட்டும் நீளமாகத் தைக்கிற வேலை.

பஞ்சர் கடை பாலம்:
நான் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். போஸ்டைத் திருப்பிப் போடலாம்தான், ஆனால் சிலவற்றில் சீட்டைப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு பக்கச் சாய்வுக்கே செய்யப்பட்டிருக்கும். திருப்பினால் சீட் மட்டத்துக்கு வராது, மூக்கு மேலே பார்த்து நிற்கும். அப்படி வந்த வண்டிகள் உண்டு. வாங்குவதற்கு முன்னால் கிளாம்ப்பைப் பாருங்கள், அல்லது நேர் போஸ்ட் ஒன்று தனியாக வாங்குங்கள். கைப்பிடியை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் குட்டையிலும் கிடைக்கிறது, நீளத்திலும் கிடைக்கிறது. நீளமானதைப் போட்டால் அண்ணன் சொல்கிற கூனல் தீர்ந்துவிடும்.

அப்புறம் டயரைப் பற்றி யாருமே பேசவில்லை. நம்ம ரோட்டில் சீமைக்கருவேல முள் இருக்கும்வரை 28 எம்எம் தான். 23 போட்டவர்கள் எல்லாம் எனக்குச் சம்பளம் கொடுப்பவர்கள்.

அரசலாறு78:
டயரைத் தனியாகப் பேசலாம். இங்கே பேச்சு 4 டிகிரி.

வெண்ணாறு வேகம்:
உங்களுக்குப் பேச்சு 4 டிகிரி, ஓட்டும்போது பேச்சே இல்லை. கல்லணை சவாரி ஞாபகம் இருக்கிறதா? போகும்போது மேற்கே முகத்தில் ஆடிக்காற்று. திருக்காட்டுப்பள்ளி தாண்டியும் என் பின்சக்கரத்தை விட்டு நகராமல் வந்தவர் யார்? 78 டிகிரி வண்டியை வைத்துக்கொண்டு 74 டிகிரி முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்தீர்களே. திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள, அப்போது முன்னால் பறந்தீர்கள்.

அரசலாறு78:
அன்றைக்கு எனக்குச் சளி. எல்லோருக்கும் தெரியும். காப்பிக் காசை நான் கொடுத்தது மட்டும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வெண்ணாறு வேகம்:
உங்கள் காப்பிக்கு மட்டும் கொடுத்தீர்கள்.

அரசலாறு78:
கும்பகோணத்துக்காரன் டிக்ரி காப்பி தவிர எதற்கும் காசு கொடுக்க மாட்டான், அன்றைக்கு வந்தது கழுநீர். விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர் தட்டை. ரயில்வே மேம்பாலம்தான் நமக்கு மலை. ஏற்றம் இல்லாத ஊரில் மிதிக்கிறவனுக்கு எதிரி காற்று ஒன்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்தக் காற்றை வாங்குவதில் வண்டியை விட உடம்புக்குத்தான் பெரிய பங்கு. உடம்பை மடக்கி, மடக்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் இருக்க வைப்பது எது? டெல்டாவைப் போல ட்ரை பைக்குக்கு ஏற்ற நிலம் தமிழ்நாட்டில் வேறு கிடையாது.

களத்துமேடு:
உடம்பு மடங்குவதற்கு ஏரோ பார் போதும் என்றுதானே வெண்ணாறு சொல்கிறார்? இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள்.

அரசலாறு78:
இல்லை.

வெண்ணாறு வேகம்:
இல்லவே இல்லை. அவர் சொல்கிற தட்டை நிலத்தைப் பற்றியும் கேளுங்கள். பாபநாசம் தாண்டினால் ஆடு, அய்யம்பேட்டையில் ஷேர் ஆட்டோ, நடுவில் வேகத்தடை, வயலிலிருந்து கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு ஏறும் டிராக்டர். ஏரோ நிலையில் பிரேக் கைக்கு எட்டாது, எழுந்து கையை மாற்ற வேண்டும். நம்ம ரோட்டில் பாதி நேரம் பிரேக்கில்தான் விரல் இருக்கிறது. இப்போது அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காய்கிறது. அந்த ஈர வைக்கோலில் 78 டிகிரியோடு போய் விழுந்தால் எல்லாம் 0 டிகிரிதான். ரோட்டை மறிக்கிறவர்களை யாரும் கேட்பதில்லை.

களத்துமேடு:
அந்தக் கடைசி வரியை வாபஸ் வாங்குங்கள் தம்பி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அறுத்த நெல் அப்படியா வருகிறது? ஊருக்குப் பொதுக் களம் எங்கே இருக்கிறது? மழை மூட்டம் போட்டால் ஒரு மூட்டை நெல் எத்தனை பேர் வயிற்றெரிச்சல் தெரியுமா? உங்கள் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு விவசாயி ரோட்டைக் காலி செய்ய வேண்டுமா?

வெண்ணாறு வேகம்:
நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் சார். பாதையை மறித்துக் கல் வைக்கிறார்களே, ராத்திரி இருட்டில் பைக்கில் வந்து மோதினால் யார் பொறுப்பு?

களத்துமேடு:
கல் வைக்காவிட்டால் நெல் மேலேயே லாரியை ஏற்றிக்கொண்டு போகிறான். எங்கள் தெருவில் நேற்றுகூட நடந்தது. டயர் தடம் பதிந்த நெல்லை அந்த அம்மா முறத்தில் அள்ளிப் புடைத்துக்கொண்டிருந்தார்.

அரசலாறு78:
நெல்லைப் பற்றி இன்னொரு திரி போடுங்கள். வண்டியை விட்டு விலகுவதே எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை என்பதற்குச் சாட்சி. மறுபடி கேட்கிறேன்: 74-இல் மடங்கிய இடுப்போடு இறங்கி ஓட முடியுமா, முடியாதா?

நாகை உப்புக்காற்று:
முடிகிறது. ரோடு பைக்கில் போய் 70.3 முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தம்பி, உன் நீச்சல் எப்படி? 1.9 கிலோமீட்டர், அதுவும் கடலில். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் இறங்கிப் பழகலாம் என்று கிளம்பிவிடாதே, இழுப்பு தெரியாமல் போனவர்கள் உண்டு. வண்டியில் மிச்சம் பிடித்து நீச்சல் பயிற்சிக்குக் கொடு. கடலோரத்தில் ஓட்டினால் சங்கிலியைத் தினமும் துடைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள். சோராவோ, அதைவிட விலை கூடிய 105 கியரோ, உப்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

மன்னை மிதி:
அண்ணன்களுக்கு வணக்கம். நான் கேட்டதற்கு இவ்வளவு நடக்கும் என்று நினைக்கவில்லை. நீச்சல் கோயில் குளத்தில் பழகியது, கடல் புதுசு. திருச்சியில் ஒரு கடையில் சோரா போட்ட ரோடு பைக் பார்த்தேன், பட்ஜெட்டில் வருகிறது. என் உயரம் 5 அடி 7. எந்தச் சைஸ் எடுக்க வேண்டும் என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

பஞ்சர் கடை பாலம்:
சுவரோரம் நின்று, ஒரு புத்தகத்தைத் தொடை இடுக்கில் வைத்து, தரையிலிருந்து அளந்து எண்ணை எழுது. உயரத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஏரோ பார் போடப்போகிறாய் என்றால் இரண்டு சைஸுக்கு நடுவில் வரும்போது சின்னதை எடு.

அரசலாறு78:
சின்னதை எடுத்தால் முன்பக்கம் இன்னும் கீழே போகும். ஸ்டாக், ரீச் (ஃப்ரேமின் முன்பக்க உயரம், நீளம்) இரண்டையும் கேட்டு வாங்கு தம்பி. அதற்கும் முன்னால் இருக்கைக் குழாயின் கோணத்தை விற்பனையாளரிடம் கேள். முழித்தால் வெளியே வந்துவிடு. பழைய ட்ரை பைக் ஒன்று என் பார்வையில் இருக்கிறது, 90 ஆயிரம் சொல்கிறார்கள், பேசிக் குறைக்கலாம்.

வெண்ணாறு வேகம்:
இப்போதுதான் பூனை வெளியே வருகிறது. யாருடைய வண்டி அது?

அரசலாறு78:
தெரிந்தவர் வண்டி.

வெண்ணாறு வேகம்:
கார்பனா? ஃப்ரேமில் விரிசல் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். போன முறை நீங்கள் கைகாட்டிய சக்கரத்தை வாங்கி இன்னும் பரணில் போட்டு வைத்திருக்கிறேன்.

அரசலாறு78:
சக்கரம் நேராகத்தான் இருந்தது, நீங்கள் குழியில் விட்டீர்கள். அதைப் பேசினால் பாலமும் சாட்சிக்கு வர வேண்டியிருக்கும்.

பஞ்சர் கடை பாலம்:
என்னை இழுக்காதீர்கள் அண்ணே, எனக்கு இரண்டு பேருமே வாடிக்கை.

வெண்ணாறு வேகம்:
சரி, நேராகவே பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி, திருவையாறு பஸ் ஸ்டாண்ட். சுவாமிமலை போய்த் திரும்புவோம். உங்களுக்கு 78, எனக்கு 74. நடுவில் 12 மீட்டர் இடைவெளி, வாத்தியார் நடுவர். இறங்கியதும் 5 கிலோமீட்டர் ஓட்டம்.

அரசலாறு78:
இந்த ஞாயிறு தை முகூர்த்தம், கும்பகோணத்தில் மட்டும் எனக்கு மூன்று கல்யாணம். அடுத்த வாரம் பார்க்கலாம். 5 கிலோமீட்டர் எல்லாம் ஓட்டமா? 21.1 என்றால் சொல்லுங்கள். அதுவரை 4 டிகிரிக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.