மாரடைப்புக்குப் பிறகு இரவு இருமல்: மாத்திரையாலா, நீர் தேங்குவதாலா?

அப்பாவுக்கு வயது 68. ஆறு வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், பைபாஸ் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆக்சிஜனும், நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசியும் கொடுத்துத் தேற்றினார்கள். கடைசி எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதம்.

இப்போது வீட்டில் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். பத்து நாளாக வறட்டு இருமல், சளி இல்லை. பகலிலும் இருக்கிறது, படுத்தால் கூடுகிறது. இருமல் தொடங்குவதற்கு நாலு நாள் முன்புதான் ராமிப்ரில் (இதயத்தின் சுமையைக் குறைக்கும் மாத்திரை, வறட்டு இருமல் இதன் பக்கவிளைவு) 2.5 மில்லிகிராமை 5 ஆக்கினார்கள். அதனால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். ஆனால் நேற்று இரவு 2 மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார், ஐந்து நிமிடத்தில் அடங்கியது. அதுதான் உறுத்துகிறது.

உப்பைக் குறைத்தாயிற்று. தண்ணீர் ஒரு நாளைக்கு 1.5 லிட்டர், மருத்துவர் சொன்ன அளவு. தலைமாட்டை உயர்த்தினேன், பெரிய மாற்றமில்லை. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பார்க்கிறேன்: 64 கிலோ, அரை கிலோ கூட ஏறவில்லை. கணுக்காலை அழுத்தினால் குழி விழவில்லை. ரத்த அழுத்தம் 104/64, ஆக்சிஜன் 96. இருமல் சிரப் எதுவும் கொடுக்கவில்லை, ராமிப்ரிலை நானாக நிறுத்தவுமில்லை. நேற்று இரவு நடந்ததைச் சொல்ல மருத்துவமனைக்கு மறுபடி போன் போட்டிருக்கிறேன். மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுதான், அதில் தயக்கமில்லை.

இதயப் பிரிவு செவிலியர்களே, இப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொண்டவர்களே: மருந்து இருமலா, நீர் தேங்கும் இருமலா என்று மருத்துவர் பிரித்தறிய, இரவில் நான் எதையெல்லாம் கவனித்துக் குறித்து வைக்க வேண்டும்?