சின்ன மின்சாரக் காரில் ட்ரெய்லர் இழுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன், எம்ஜி 4 வாங்க யோசனை. தினமும் வேலைக்குப் போய்வர 50 கிலோமீட்டர், அதில் கவலையில்லை. ஆனால் மாதம் ஒருமுறை தோட்டக் குப்பையைச் சின்ன ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகணும். தாங்குமா?

பதில் 1: தாங்கும், 500 கிலோ வரை அனுமதி உண்டு. அது ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்த்து என்பதை மறந்துவிடாதீர்கள். ட்ரெய்லரே 150 கிலோ என்றால் சரக்குக்கு 350தான் மிச்சம், ஈர மண்ணும் புல்லும் நாம் நினைப்பதைவிட நிறையவே கனக்கும். எல்லாச் சின்ன மின்சாரக் காரிலும் இது முடியாது. பழைய நிசான் லீஃபுக்கு இழுக்க அனுமதியே கிடையாது. எதை வாங்கினாலும் முதலில் வி5சி பதிவுத்தாளில் ஓ.1, ஓ.2 கட்டங்களைப் பாருங்கள், இழுக்கக்கூடிய எடை அங்கேதான் இருக்கும்.

பதில் 2: எடையைவிடக் காற்றுதான் சார்ஜைத் தின்னும். உயரமான மூடி போட்ட ட்ரெய்லர் என்றால் நெடுஞ்சாலையில் சார்ஜ் குறைவது நன்றாகவே தெரியும். மோட்டார்வேயில் ட்ரெய்லரோடு 60 மைல்தான் உச்ச வேகம், நான் 55ஐத் தாண்டுவதில்லை. அப்புறம், பெரும்பாலான சார்ஜர்களில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் நிறுத்த இடம் இருக்கும், அதனால் வீட்டிலேயே முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

கேட்டவர்: கழற்றும் விஷயம் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. குப்பைக் கிடங்கு 8 மைல்தான், சரி, வாங்கிவிடுகிறேன்.