லாரெஸுக்குக் 'குலதெய்வம்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ரோமர்கள் வீட்டில் கும்பிட்ட லாரெஸ், பெனாட்டெஸ் என்ற இருவகைத் தெய்வங்களுக்கும் சேர்த்துத் தமிழில் 'குலதெய்வம்' என்றே எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. படித்ததும் புரியும் சொல்தான். ஆனால் பொருள் தவறிவிடும்.

குலதெய்வம் பங்காளிகளுக்கு உரியது. லார் (லாரெஸின் ஒருமை) அப்படியல்ல, இடத்துக்கு உரியது. அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும், அடிமைகள் உட்பட, அதுதான் காவல். தெருச்சந்தி லாரெஸுக்கு எடுத்த கொம்பிட்டாலியா விழாவின்போது தெருச்சந்திக் கோயில்களில் கம்பளியால் செய்தவற்றைத் தொங்கவிடுவார்கள். அடிமையல்லாதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை, அடிமைக்கு ஓர் உருண்டை. அடிமைக்குக் கை, கால், முகம் கிடையாது. அது மனதை உறுத்துகிறது. ஆனாலும் தலைக்கணக்கில் அவரும் உண்டு. குலத்தை வைத்துப் போட்ட கணக்காக இது இருக்க முடியாது.

அகநானூற்றில் 'இல்லுறை கடவுள்' என்று வருகிறது. அதையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 'உறை' (தங்கியிருக்கும்) நமக்குப் பெரிய உதவி. வீட்டு லார் இல்லுறை கடவுள், சந்தியில் இருப்பது சந்தியுறை கடவுள், பயணிகளைக் காப்பது வழியுறை கடவுள். ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தேடி அலைய வேண்டாம்.

பெனாட்டெஸுக்கு 'உறை' ஒத்துவராது. டிராய் நகரம் எரிந்தபோது அந்நகர வீரன் ஈனியாஸ் கையோடு கொண்டுவந்தவை இவைதான் என்பது ரோமர்களின் கதை. வீட்டில் சேர்த்துவைத்த உணவைக் குறிக்கும் 'பெனுஸ்' என்ற சொல்லை ஒட்டிய பெயர் என்பதால், களஞ்சியக் கடவுள் எனலாம். இரண்டையும் ஒன்றாக்கவே கூடாது. கி.பி. 392இல் பேரரசர் தியோடோசியஸ் இந்தப் பழைய வழிபாடுகளுக்குப் போட்ட தடைச் சட்டம்கூட லாருக்கு நெருப்பு, பெனாட்டெஸுக்கு நறும்புகை என்று பிரித்தே சொல்கிறது.

அப்புறம், வீட்டில் லாரெஸைக் கும்பிடும் இடமான 'லாராரியம்'. பூஜையறை என்று வேண்டாம், பெரும்பாலும் அது அறையே இல்லை. கி.பி. 79இல் எரிமலை வெடித்துப் புதைந்த பொம்பெயி நகரில், 'வெட்டியர் வீடு' (House of the Vettii) எனப்படும் வீட்டின் சுவரிலேயே சிறிய கோயில் முகப்பு இருக்கிறது. நடுவே டோகா என்ற ரோம மேலாடையைத் தலைக்கு மேல் போர்த்திய உருவம், இருபுறமும் குடிகொம்பை உயர்த்தி ஆடும் இரு லாரெஸ், கீழே பலிபீடத்தை நோக்கி ஊர்ந்துவரும் பாம்பு. வேறு பல வீடுகளில் நம் விளக்குமாடம் போலச் சுவரில் ஒரு குழிவுதான். அதனால் 'கடவுள் மாடம்' என்பது என் பரிந்துரை. 'இல்லுறை மாடம்' இன்னும் பொருத்தம் என்று தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.