மான்–கெண்டல்: ஒரே தரவுக்கு மூன்று பி மதிப்பு வருகிறது, எதை எடுப்பது?

கேள்வி:
தமிழ்நாட்டு வானிலை நிலையங்களின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, 50 ஆண்டுத் தரவு. உள்மாவட்ட நிலையம் ஒன்றில் எளிய மான்–கெண்டலுக்கு (ஏறும் அல்லது இறங்கும் போக்கு உண்டா என்று பார்க்கும் சோதனை) எஸ் (ஏறிய ஆண்டு ஜோடிகளிலிருந்து இறங்கிய ஜோடிகளைக் கழித்த எண்) 264, இசட் 2.2, பி (போக்கே இல்லாதபோதும் இப்படி வருவதற்கான வாய்ப்பு) 0.028. பைமேன்கெண்டல் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில், ஆண்டுகளுக்கு இடையிலான தொடர்பைக் கணக்கில் எடுக்கும் ஹமீத்–ராவ் திருத்தம் போட்டால் பி 0.15. ட்ரெண்ட்-ஃப்ரீ ப்ரீவைட்டனிங் (போக்கைப் பிரித்து வைத்து அந்தத் தொடர்பை நீக்கிவிட்டுச் சோதிப்பது) செய்தால் 0.01. வெப்பம் ஏறுகிறதா இல்லையா? ஆய்வேட்டில் எதை எழுதுவது?

பதில் 1:
எளிய சோதனை, ஓராண்டின் வெப்பத்துக்கும் அடுத்த ஆண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. எஸ்ஸின் திட்ட விலக்கம் 50×49×105/18-இன் வர்க்கமூலம், அதாவது 119.5. எஸ்ஸில் ஒன்று குறைத்த 263-ஐ அதனால் வகுத்ததுதான் உங்கள் 2.2. ஓராண்டு இடைவெளி ஆட்டோகோரிலேஷன் (ஓராண்டின் அளவுக்கும் அடுத்த ஆண்டின் அளவுக்கும் உள்ள தொடர்பு) 0.4 என்றால் கைவசம் இருப்பது 50×0.6/1.4, சுமார் 21 ஆண்டுக்கான தகவல்தான். இசட் 1.44-க்கு இறங்கும், பி 0.15. மூன்றாவதை விடுங்கள். இல்லாத போக்கையும் இருப்பதாகக் காட்டும் பக்கம் அது சாயும்.

ஆட்டோகோரிலேஷனை சென் சரிவைக் (எல்லா ஆண்டு ஜோடிகளின் சரிவுகளில் நடுமதிப்பு) கழித்த பிறகா எடுத்தீர்கள்? கழிக்காவிட்டால் போக்கே அதை ஏற்றிக் காட்டும்.

கேட்டவர்:
கழித்துத்தான் எடுத்தேன் சார். 0.4 வருகிறது.

பதில் 2:
ஆண்டுச் சராசரிக்கு 0.4 கொஞ்சம் அதிகம். சோதனையை மாற்றும் முன் தரவைத் தட்டிப் பாருங்கள். நிலையத்தை இடம் மாற்றியிருந்தால் ஒரே ஆண்டில் அளவு படியாக ஏறும் அல்லது இறங்கும். அதன் குறுக்கே நேர்கோட்டைக் கழித்தால் மிச்சம் ரம்பப் பல் மாதிரி நிற்கும். ஆட்டோகோரிலேஷன் அங்கிருந்தே வரலாம்.

ஒத்த நிலப்பரப்பில் அக்கம்பக்கத்து நிலையங்கள் மூன்று முதல் ஐந்து எடுத்து, அவற்றின் சராசரியை உங்கள் நிலையத்திலிருந்து கழியுங்கள். தொடர் திடீரென மாறும் ஆண்டைத் தேடும் பெட்டிட் சோதனையை அந்த வித்தியாசத் தொடரில்தான் ஓட்ட வேண்டும். மூலத் தரவில் நேராக ஓட்டினால், சீராக ஏறும் தொடரில்கூட நடுவில் உடைவு என்று சொல்லிவிடும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். விடுபட்ட நாட்கள் மாதத்தில் 11-ஐத் தொட்டாலோ, தொடர்ந்து 5 வந்தாலோ அந்த மாதச் சராசரி செல்லாது. இது உலக வானிலை அமைப்பின் விதி.

கேட்டவர்:
குறைந்தபட்சத்தில் 0.6 டிகிரி இறக்கம் இருக்கிறது. ஊருக்குள்ளிருந்து புறநகருக்கு மாற்றியதாக நிலையப் பதிவேட்டில் அதே ஆண்டு. பழைய பகுதியை 0.6 இறக்கிச் சேர்த்தேன். ஆட்டோகோரிலேஷன் 0.12 ஆகிவிட்டது, எஸ்ஸும் கூடிவிட்டது!

பதில் 2:
50 ஆண்டுக்கு ஆட்டோகோரிலேஷன் தற்செயலாக வரக்கூடிய எல்லை 1.96/√50 = 0.28. 0.12 அதற்குள் இருப்பதால் எளிய மான்–கெண்டலே போதும். திருத்திய, திருத்தாத இரண்டு முடிவையும் போடுங்கள். பி மட்டும் போதாது, பத்தாண்டுக்கு எத்தனை டிகிரி என்ற சென் சரிவும் 95% இடைவெளியும் வேண்டும். வேறு நிலையத்துக்கு ஹமீத்–ராவ் தேவைப்பட்டால் லேகை (எத்தனை ஆண்டு இடைவெளி வரை தொடர்பைப் பார்ப்பது என்பதை) 3 என்று கட்டுங்கள். சும்மா விட்டால் தொலைவு லேகுகளின் எதிர்க்குறி மதிப்புகள் சேர்ந்து, பி நம்பவே முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

பதில் 1:
மாநிலச் சராசரி போடுவதாக இருந்தால் டிகிரியை நேராகச் சராசரி எடுக்காதீர்கள். ஒன்பது நிலையம் 28, கொடைக்கானல் 14 என்று வைத்தால் சராசரி 26.6. ஓராண்டு கொடைக்கானல் தரவு இல்லாமல் போனால் 28. இல்லாத வெப்பம் 1.4 டிகிரி ஏறிவிடும். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதனதன் 30 ஆண்டுச் சராசரியைக் கழித்துவிட்டுப் பிறகு கூட்டுங்கள்.